நாற்பத்தொரு நாள் பச்சை

மலையாள மண்ணில் கழக்கூட்டம் என்ற ஊரில் இருக்கும் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு நாள் திடீரென்று தன் ஊழியர்களின் வயிற்றின் மேல் அக்கறை வந்தது. அதுவரை அவர்களுடைய கண், கழுத்து, முதுகு, தூக்கம் எதன் மேலும் அதற்கு அக்கறை வந்ததில்லை. வந்த அக்கறையை வீணாக்கக் கூடாது என்று உடல்நலக் கவுன்சில் ஒன்றை அமைத்தார்கள். உறுப்பினர்கள் ஏழு பேர். ஏழு பேரும் சேர்ந்தால் எழுநூறு கிலோ என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அது அவதூறு. நான் விசாரித்த வரையில் அறுநூற்று எண்பதுதான்.

தலைவர் ஸ்ரீஜித். சாலை பஜாரில் பருப்பு மொத்தக்கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஒரு வாக்கியத்தை மலையாளத்தில் தொடங்கி, தமிழில் நடத்தி, இங்கிலீஷில் முடிப்பார். மூன்று மொழிக்காரர்களுக்கும் சமமாகப் புரியாது என்பதால் அவரிடம் பாரபட்சம் இல்லை என்ற பெயர் இருந்தது.

கவுன்சில் போட்ட விதி எளிமையானது. எல்லோரும் போனில் ஒரு ஆப் போட்டுக்கொள்ள வேண்டும். வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் அதில் பதிய வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிடலாம் என்று ஆப் ஓர் இலக்கு சொல்லும். அந்த இலக்குக்கும் கீழே ஐந்நூறு கலோரி குறைத்துச் சாப்பிட வேண்டும். குறைத்தால் திரையில் பச்சை விழும், குறைக்காவிட்டால் சிவப்பு. தொடர்ந்து நாற்பத்தொரு நாள் பச்சை விழுந்தவர் 'பச்சை ஊழியர்'. நாற்பத்தொன்று எந்த ஆராய்ச்சியில் வந்தது என்று கேட்டார்கள். ஸ்ரீஜித் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். விரதம் ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தொரு நாள். ஐயப்பனுக்குப் போதுமானது கம்பெனிக்கும் போதும் என்றார்.

பச்சை ஊழியரின் குடும்பத்துக்கு மட்டுமே இனிமேல் மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் தரப்படும் என்று சுற்றறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. பகவதிப்பெருமாள் அந்த வரியை மூன்று தடவை படித்தார்.

பகவதிப்பெருமாள் அந்தக் கம்பெனியின் ஸ்டோரில் இருந்தார். லேப்டாப், சார்ஜர், மௌஸ் கேட்டு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பது வேலை. நாஞ்சில் நாட்டிலிருந்து அப்பா காலத்தில் கரமனைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வயது ஐம்பத்தொன்று, எடை ஐம்பத்து நாலு கிலோ. இந்த உடம்பில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்று.

அவருடைய மனைவி சொர்ணம்மாளுக்குப் பித்தப்பையில் கல். ஆறு மாதமாக எண்ணெயையும் தேங்காயையும் நிறுத்தியிருந்தாள். அப்படியும் மாதத்துக்கு இரண்டு தடவை வலி வந்து சுருண்டு விடுவாள். பையையே எடுத்துவிட வேண்டும், பழுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லி, ஐம்பது நாள் தள்ளி ஒரு தேதியும் கொடுத்திருந்தார். கையிலிருந்து கட்டிப் பார்க்கிற வசதி பெருமாளுக்கு இல்லை. கம்பெனிக் கடிதம் இருந்தால் ஆபரேஷன், இல்லாவிட்டால் இல்லை.

ஆப் போட்டுக் கொடுத்தவள் ரெம்யா. பாறசாலைப் பெண், கவுன்சிலின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவள் தலையில்தான். எடை குறைய வேண்டுமா, இப்படியே இருக்க வேண்டுமா, கூட வேண்டுமா என்று ஆப் கேட்டது. பெருமாள் 'இப்படியே' என்பதைத் தொட்டார். ரெம்யா சங்கடத்துடன் அவர் விரலை நகர்த்திவிட்டு, அது ஸ்டாஃபுக்கு உள்ளதில்லை அண்ணா என்றாள். ஆப் யோசித்தது. இந்த உடம்பு ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி செலவழிக்கிறது, எடை குறைய வேண்டுமானால் இலக்கு ஆயிரத்து முந்நூறு என்றது. கவுன்சில் விதிப்படி அதற்கும் கீழே ஐந்நூறு. ஆக எண்ணூறு.

எண்ணூறு கலோரி என்றால் என்னவென்று பெருமாளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்தது. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு அகப்பை சோறும் ரசமும், இரவில் இரண்டு சப்பாத்தி. கறிக்குத் தேங்காய் கிடையாது. மூன்றாவது வாரம் லேப்டாப் பெட்டி எல்லாம் கனம் கூடிவிட்டது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணில் இருட்டு விலகிய பிறகு பெட்டியை எடுப்பார். டெஸ்டிங் பிரிவில் ஷிபு என்று ஒரு பையன் லிஃப்டுக்குள் மயங்கி விழுந்தான். யாரோ அவன் வாயில் ஒரு குளூக்கோஸ் பிஸ்கட்டைத் திணித்தார்கள். மயக்கத்தில் விழுங்கிய பிஸ்கட் அவன் பெயரில் பதியப்பட வேண்டுமா, திணித்தவர் பெயரிலா என்று கவுன்சில் இரண்டு அமர்வு நடத்தியது.

பெருமாள் சுலபமாகப் பச்சையாகலாம் என்று நினைத்து ஹைவேயில் பஸ் இறங்கி ஆபீஸ் வரை நடந்தார். நடந்ததற்கு ஆப் நூற்று நாற்பது கலோரி இலக்கில் கூட்டிக் கொடுத்தது. மறுநாள் அவருக்கு ஒரு மெமோ வந்தது. நடப்பதன் மூலம் சாப்பிடும் உரிமையை அதிகப்படுத்திக்கொள்ள முயன்றதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். தெரியாமல் நடந்துவிட்டதாகவும் இனி நடக்க மாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்தார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பெட்டி ஸ்டோருக்கு வந்தாலும் அதற்குள்ளிருக்கும் குறிப்புப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் ஆப்பின் உதவிப் பக்கத்தையும் படித்தார். அங்கே தெளிவாகப் போட்டிருந்தது: உங்கள் செலவிலிருந்து குறைக்க வேண்டியதைக் குறைத்த பிறகுதான் இந்த இலக்கு தரப்படுகிறது; இலக்கு வரைக்கும் சாப்பிடுங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள். கம்பெனி மொத்தமும் ஒரே குறைப்பை இரண்டு தடவை குறைத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. பாவம், இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தார். அச்செடுத்துக்கொண்டு கவுன்சில் அறைக்குப் போனார்.

மேஜை நடுவில் ஒரு தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த பழம்பொரி இருந்தது. ஸ்ரீஜித் காகிதத்தை வாங்கிப் படித்தார். படிக்கும்போது விரலில் ஒட்டியிருந்த எண்ணெய் காகிதத்தில் இறங்கியது.

"அண்ணாச்சி, ஆப் குறைச்சது ஆப்போட குறைப்பு. கம்பெனிக்குன்னு ஒரு குறைப்பு வேண்டாமா? ரெண்டையும் கூட்டிக் குழைக்கப்படாது."

"சார், உடம்பு ஒண்ணுதானே இருக்கு."

"அது உங்க பெர்சனல் விஷயம். அதில கவுன்சில் தலையிடாது."

பெருமாளின் கண் தன்னை அறியாமல் தட்டுக்குப் போனது. ஸ்ரீஜித் அதைக் கவனித்தார். மனிதரில் கோபமே கிடையாது, பொறுமையாகத்தான் சொன்னார்.

"மீட்டிங்கில தின்னுகது தீனி இல்ல அண்ணாச்சி, நடவடிக்கை. மினிட்ஸில வரும், ஆப்பில வராது."

பெருமாள் திரும்பி வந்து எண்ணூறிலேயே நின்றார். கடிதம் வேண்டும். முப்பத்தேழு நாள் பச்சை விழுந்தது. இன்னும் நாலே நாள் என்று சொர்ணம்மாளிடம் விரலை நீட்டிக் காட்டினார். எலும்பும் தோலுமாக இருந்த அந்த விரல்களைப் பார்த்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முப்பத்தெட்டாவது நாள் ஆடி அமாவாசை. பெருமாள் விடியற்காலையிலேயே திருவல்லம் கோயிலுக்குப் போய், வரிசையில் நின்று, அப்பா சிவதாணு பிள்ளைக்குப் பிண்டம் வைத்துப் பலி போட்டுவிட்டு வந்தார். அப்பா போய்ப் பதினோரு வருஷம். வீட்டில் சொர்ணம்மாள் வழக்கம்போல் தலைவாழை இலை போட்டுப் படைத்திருந்தாள். சோறு, பருப்பு, நெய், அவியல், எரிசேரி, நேந்திரங்காய் உப்பேரி, அடைப் பிரதமன் எல்லாம் அப்பா விரும்பித் தின்றவை. நாகர்கோவிலில் இருக்கும் தங்கைக்கு அனுப்புவதற்காக அந்த இலையைப் பெருமாள் போனில் படம் எடுத்தார். வருஷா வருஷம் அனுப்புவதுதான். படம் பார்த்த பிறகுதான் அவள் தன் வீட்டில் சாப்பிட உட்காருவாள்.

போனில் இருக்கும் சாப்பாட்டுப் படங்களை எல்லாம் ஆப் தானாகவே பார்த்துக்கொள்ளும் என்பது உதவிப் பக்கத்தில் இல்லை. இலையைப் பார்த்தது. ஒவ்வொன்றாக அடையாளம் கண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து கலோரி என்று பெருமாள் பெயரில் ஏற்றியது. சிவப்பு விழுந்தது. முப்பத்தேழு என்றிருந்த இடத்தில் சைபர் வந்தது.

படையலிலிருந்து அவர் தின்றது ஒரு பிடி. அதையும் கவுன்சில் முன் மறைக்காமல் சொன்னார். ஸ்ரீஜித் படத்தைப் பெரிய திரையில் போட்டு, எரிசேரியை உருப்பெருக்கிப் பார்த்தார்.

"உடமஸ்தன் இல்லாத கலோரி ஆப்பில கெடக்கப்படாது. நீங்க தின்னல்லேன்னா வேற ஆரு தின்னா?"

"அப்பா."

"அப்பா எவிட?"

"போயிட்டாரு சார். பதினொண்ணு வருசமாச்சு."

ஓர் உறுப்பினர் விதிகளைப் புரட்டினார். ஊழியரின் குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், தாய், தந்தை என்று இருந்தது. தந்தை உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆகவே சிவதாணு பிள்ளைக்கும் ஓர் ஐடி திறந்து, அவர் தின்றதை அவர் பெயருக்கே மாற்றுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது.

ரெம்யா உயரம் கேட்டாள், எடை கேட்டாள், வயது கேட்டாள். பெருமாள் சொன்னார். தினசரி அசைவு எப்படி என்று ஆப் கேட்டது. உட்கார்ந்தே இருப்பவரா, கொஞ்சம் நடப்பவரா, நன்றாக உழைப்பவரா? ஆவி அலையும் என்பதால் நன்றாக நடப்பவர் என்றே போடலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். திருவல்லத்தில் பலி போட்டாயிற்று, இனி ஏன் அலைகிறார் என்று இன்னொருவர் மறுத்தார். நாற்பது நிமிஷ விவாதத்துக்குப் பிறகு 'காலமானவர்' என்று புதிதாக ஒரு நிலையையே உண்டாக்கினார்கள். ரெம்யா அதைத் தட்டிய உடனே திரை பச்சையாயிற்று. வருஷத்துக்கு ஒரே ஒரு சாப்பாடு தவிர பதினோரு வருஷமாகச் சிவதாணு பிள்ளை ஒன்றும் தின்றிருக்கவில்லை. கம்பெனியில் இந்தச் சாதனைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

பெருமாளின் முப்பத்தேழு நாள் திரும்பி வரவில்லை. ஆப் பின்னால் நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சிவதாணு பிள்ளையின் படத்தை மாலை போட்டு வைத்தார்கள். மாலை ஏற்கெனவே படத்தில் இருந்தது. ஸ்ரீஜித் பேசினார்.

"ஒரு பரிபவம், ஒரு குறை இல்ல. ஒரு மெயில் இல்ல. நடந்து லிமிட்டைக் கூட்டல்ல. பதினொண்ணு வருஷம் வாய் மிண்டாம கெடந்து டார்கெட் அடிச்சிருக்காரு. நம்ம கம்பெனிக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஆளுகளாக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். பட்டினி கிடந்த கைகள், சத்தம் பெரிதாக எழவில்லை. பிறகு ஸ்ரீஜித் பெருமாளை மேடைக்கு அழைத்து உறை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே சிவதாணு பிள்ளையின் பெயரில் காப்பீட்டுக் கடிதம். எந்த ஆஸ்பத்திரியிலும் தனி அறை, எந்த ஆபரேஷனும் செய்துகொள்ளலாம்.

சொர்ணம்மாளின் ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பெருமாள் ஸ்டோரில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெம்யா வந்தாள். அவள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். இந்தக் கதையில் எல்லாக் கெடுதலையும் கல்நெஞ்சக்காரர்கள்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல முடியாது.

"அண்ணா, நான் ஒரு காரியம் பறையட்டா? ஆண்ட்டிக்கும் ஒரு ஐடி திறந்து அந்த 'காலமானவர்' லெவலைப் போட்டா இப்பவே பச்சை விழும், லெட்டரும் வரும். ஒரு செட்டிங்குதான். ஆபரேஷன் கழிஞ்சா மாத்திரலாம்."

வீட்டுக்குப் போய் அதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணம்மாள் வெந்நீர்ப் பையை விலாவில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்ததும் வலித்தது.

"எழுதிக் குடுத்தா வலி போவும்னா எழுதிக் குடுங்க. நான் இருக்கேனா செத்தேனான்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் ரெம்யா தட்டினாள். பச்சை விழுந்தது, சாயங்காலமே கடிதமும் வந்தது. அன்றைக்குப் பெருமாள் நாற்பது நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார். தனக்குச் சிவப்பு விழுந்ததைப் பார்த்து அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தேதியன்று காலை ஏழு மணிக்கே இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். காப்பீட்டுக் கவுன்டரில் ஷீஜா என்ற பெண் இருந்தாள். கடிதத்தின் எண்ணை அடித்துப் பார்த்தாள். திரும்பவும் அடித்தாள்.

சிஸ்டத்தில் காலமானவர் என்று வருகிறது, காலமானவரை அட்மிட் செய்ய எனக்கு ஆப்ஷன் இல்லை என்றாள். அது வெறும் செட்டிங் என்று பெருமாள் ஆரம்பத்திலிருந்து விளக்கினார். ஆப், இலக்கு, குறைப்பு, அப்பா, எரிசேரி என்று வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த சொர்ணம்மாள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தாள்.

"மக்கா, நான்தான் சொர்ணம்மா. இருக்கேன்."

ஷீஜா அவளை நன்றாகப் பார்த்தாள். "நான் காணுன்னுண்டு ஆண்ட்டி. சிஸ்டம் காணணும்."

பெருமாள் ரெம்யாவுக்குப் போன் செய்தார். அவள் பதறிப்போய் மாற்ற முயன்றாள். காலமானவர் நிலைக்குப் போவதற்கு ஒரு தட்டுப் போதும், திரும்பி வருவதற்குக் கவுன்சிலின் அனுமதி வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. உயிருடன் இருப்பதாகத் தெரிவிக்கும் விண்ணப்பம் என்று ஒரு படிவம் இருந்தது. பரிசீலிக்க மூன்று வாரம் ஆகலாம். அவள் அழுகிற சத்தம் கேட்டது. போன் கைமாறி ஸ்ரீஜித் பேசினார்.

"டென்ஷன் ஆகப்படாது அண்ணாச்சி. உயிரோட இருக்கவங்கன்னா லிமிட் உண்டு, முதல் நாளிலேருந்து எண்ணணும். கைல கிட்டின பச்சையை எதுக்குக் களையணும்? நல்லா ஆலோசிச்சுப் பாருங்க."

பெருமாள் ஆலோசிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே போனில் படிவத்தை நிரப்பினார். 'என் மனைவி சொர்ணம்மாள் உயிருடன் இருக்கிறாள்' என்று எழுதி அனுப்பினார். திரும்பிப் பார்க்கும்போது அவள் நாற்காலியிலிருந்து கீழே சரிந்திருந்தாள். அங்கே சேர்க்க வழியில்லாததால் ஆட்டோ பிடித்து வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பித்தப்பை உள்ளேயே உடைந்திருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் கரமனை வீட்டில் நடந்தது. நாகர்கோவிலிலிருந்து தங்கை வந்து சமைத்தாள். கல் வந்ததிலிருந்து சொர்ணம்மாள் தொடாமல் இருந்ததை எல்லாம் இலையில் வைத்தார்கள். தேங்காய் வறுத்து அரைத்த தீயல், பருப்பு வடை, நெய், தேங்காய்ப் பால் ஊற்றிய பாயசம். பெருமாள் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். யாரையும் படம் எடுக்க விடவில்லை.

இலை போட்டு முடிக்கும்போது போன் ஒலித்தது. கவுன்சிலிலிருந்து மெயில்.

'தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. ஆஸ்பத்திரி ஆவணங்களுடன் ஒப்பிட்டதில், முதலில் பதியப்பட்ட விவரமே சரியானது என்று தெரிகிறது. மாற்றம் தேவையில்லை. தங்கள் குடும்பத்தில் இருவர் பச்சை பெற்றிருப்பதற்கு வாழ்த்துகள். தாங்களும் கடந்த பத்தொன்பது நாட்களாகத் தொடர்ந்து இலக்குக்குக் கீழே இருப்பதைக் கவுன்சில் மகிழ்ச்சியுடன் கவனித்துவருகிறது. இன்னும் இருபத்திரண்டே நாள்.'

பெருமாள் அதைக் கடைசி வரி வரை படித்தார். கீழே ஐந்து நட்சத்திரங்கள் இருந்தன. எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார்கள். ஐந்துக்குக் குறைவாகக் கொடுப்பவர் காரணத்தை நூறு சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டும் என்றும் போட்டிருந்தது. தங்கை உள்ளேயிருந்து, சோறு ஆறுது அண்ணே, விழுந்து கும்பிடு என்று கூப்பிட்டாள். அவர் ஐந்தையும் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.